கவரைப் பிரிப்பதற்கு முன்: கைரேகை ஆய்வு வேலைக்கு வருகிறவர்களுக்கு

கைரேகைப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். சம்பவ இடத்தில் கிடைத்த ரேகை மட்டும்தான் மேசையில் இருக்க வேண்டும். சந்தேக நபருடைய பத்து விரல் ரேகைகளையும் மையில் பதித்த தாள், அதாவது பத்து விரல் ஸ்லிப், கவருக்குள்ளேயே கிடக்கட்டும். கிடைத்த ரேகையில் என்னென்ன தெரிகிறது, எது தெளிவு, எது மங்கல், எங்கே சந்தேகம் என்று முழுதாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்த பிறகுதான் கவரைப் பிரிக்கலாம். மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். இது முதல் நாளிலிருந்தே கையில் ஊறிவிட வேண்டும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரல் தோலின் மேடு பள்ளங்கள் தாயின் வயிற்றில் பத்தாவது வாரத்தை ஒட்டி உருவாகத் தொடங்கி, பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் இவை வேறு வேறாகத்தான் இருக்கும். இவற்றை நாங்கள் மூன்று நிலைகளில் பார்ப்போம். முதலாவது, கோடுகள் மொத்தமாக ஓடும் வடிவம்: லூப் (வந்த பக்கமே திரும்பிப் போகும் வளைவு), சுழி, வில். 60 முதல் 65 சதவீதம் லூப், 30 முதல் 35 சதவீதம் சுழி, வில் 5 சதவீதம் அளவில்தான். இத்தனை பேருக்கு லூப் இருக்கும்போது வடிவம் ஒத்துப்போவதை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது, ஒத்துப்போகாவிட்டால் விலக்கலாம். இரண்டாவது நிலையில்தான் உண்மையான வேலை: ஒரு கோடு எங்கே நின்றுபோகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, எங்கே வெறும் புள்ளியாகக் கிடக்கிறது. மூன்றாவது, கோட்டின் ஓர நெளிவும் அதன் மேலுள்ள வியர்வைத் துளைகளும். ரேகை மிகத் தெளிவாக இருந்தால் மட்டுமே மூன்றாவதை நம்பலாம்.

பத்து விரல் வடிவங்களையும் எண்களாக்கி, ஸ்லிப்புகளை 1024 பிரிவுகளாக அடுக்கும் முறை கல்கத்தாவில் உருவானது. 1897இல் அங்கேதான் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதன் கணக்கைப் போட்டு உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள். தேடும் வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது என்றாலும் அந்த இரண்டு பெயர்களையும் புதியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

சம்பவ இடத்தில்

ரேகையைத் தெரியவைக்கும் பவுடர் டப்பாவைத் திறப்பதற்கு முன் சும்மா நின்று பாருங்கள். டார்ச்சைச் சாய்வாக, பரப்பை உரசுவது போல அடித்தால் கண்ணாடியிலும் பெயின்ட் அடித்த கதவிலும் இருக்கும் ரேகைகளில் பல அப்போதே தெரிந்துவிடும். தெரிந்ததைத் தொடுவதற்கு முன்னால் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள். டேப் ஒட்டி எடுக்கும்போது கிழிந்துபோனால் அந்தப் போட்டோதான் கடைசி மிச்சம்.

அடுத்தது, கை எங்கே பட்டிருக்கும் என்ற யோசனை. ஜன்னல் கண்ணாடியை உடைத்து நுழைகிறவன், சட்டத்தில் ஒட்டி நிற்கும் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் வழி செய்துகொள்வான். அந்தச் சில்லின் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பதிந்திருக்கும். வெளியே மண்ணில் விழுந்து கிடக்கும் சில்லைக்கூட ஓரத்தைப் பிடித்துத் தூக்கி இரண்டு பக்கமும் பாருங்கள். அந்த வீட்டோடு பழகிய யார் வேண்டுமானாலும் முழுக் கண்ணாடியைத் தொட்டிருக்கலாம். உடைந்த விளிம்பை இரு பக்கமும் கவ்விப் பிடித்த ரேகைக்கு அப்படி ஒரு சாதாரண விளக்கம் கிடைப்பது கஷ்டம். ஒரு ரேகை யாருடையது என்பதோடு அது எந்த இடத்தில், எந்தத் திசையில் விழுந்தது என்பதும் வழக்கில் பேசும். அதனால் டேப்பில் எடுத்த ரேகையை ஒட்டிவைக்கும் லிஃப்ட் கார்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம், உள்பக்கமா வெளிப்பக்கமா, எது மேல்நோக்கி என்பதற்கு ஓர் அம்புக்குறி, ஒரு சின்னப் படம், தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அங்கேயே எழுதுங்கள்.

பவுடர் போடும்போது பிரஷ்ஷின் நுனி மட்டும் பட வேண்டும். முதல் கோடு தெரிந்ததும் அது ஓடும் திசையிலேயே பிரஷ்ஷையும் ஓட்டுங்கள். கை கொஞ்சம் தாராளமாகப் போனாலும் பள்ளம் அடைத்துக்கொண்டு எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். ரத்தத்தில் பதிந்த ரேகையின் பக்கம் பவுடரைக் கொண்டே போகாதீர்கள். அதற்குப் புரதத்தோடு சேர்ந்து நிறம் தரும் அமிடோ பிளாக் போன்ற சாயங்கள் இருக்கின்றன. ஒரே பிரஷ்ஷை எல்லா இடத்திலும் ஓட்டினால் ஒரு இடத்து டி.என்.ஏ. இன்னொரு இடத்துக்குப் போய்விடும். அதனால் டி.என்.ஏ. எடுக்க வருகிறவரிடம் முன்கூட்டியே பேசி, யார் எதை முதலில் தொடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள், அங்கே முதலில் நுழைந்த போலீஸ்காரர்கள் எல்லோருடைய ரேகையும் எலிமினேஷனுக்கு வேண்டும். கேட்கத் தயங்குவீர்கள், குறிப்பாகத் துக்க வீட்டில். "உங்க வீட்டு ஆளுங்க ரேகையைத் தனியா பிரிச்சு வைக்கத்தான் கேக்குறோம், வேற எதுக்கும் இல்ல" என்று நிதானமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

லேபில்

பொருள் ஈரத்தை உறிஞ்சுமா, உறிஞ்சாதா என்பதுதான் முதல் கேள்வி. காகிதத்துக்குள் வியர்வையின் அமினோ அமிலங்கள் இறங்கி அப்படியே தங்கிவிடும். 1954இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இருவர் இந்த வேலைக்குக் கொண்டுவந்த நின்ஹைட்ரின் அவற்றோடு சேர்ந்து ஊதா நிறம் காட்டும். வெப்பமும் ஈரப்பதமும் சரியாக இருந்தால் நிமிடங்களில் வரும், சாதாரண அறையில் விட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். நனைந்து காய்ந்த காகிதத்தில் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும். அதற்கு எண்ணெய்ப் பசையைத் தேடிப் பிடிக்கும், வெள்ளி சார்ந்த பிசிக்கல் டெவலப்பர். பிளாஸ்டிக், உலோகத்துக்கு சூப்பர் க்ளூ ஆவி காட்டி, வெள்ளையாகப் படிந்த ரேகைக்குச் சாயம் ஏற்றி, பொருத்தமான ஒளியில் ஃபில்டர் வழியாகப் பார்ப்போம். ஒட்டும் டேப்பின் பசைப் பக்கத்துக்கு ஜென்ஷியன் வயலெட் என்ற ஊதாச் சாயம்.

வரிசையை மட்டும் மாற்றவே கூடாது. எதையும் கெடுக்காத சோதனை முதலில், கெடுப்பது கடைசியில். வெறும் கண்ணும் வெளிச்சமும்தான் எப்போதும் தொடக்கம். பிசிக்கல் டெவலப்பரை முதலில் போட்டுவிட்டால் அந்தக் காகிதத்துக்கு நின்ஹைட்ரின் என்ற வழி அடைபட்டுவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மறுபடி போட்டோ, 1000 பி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) அளவில், அளவுகோலோடு.

பத்து விரல் ஸ்லிப் எடுப்பது

இதைச் சில்லறை வேலையாக நினைத்து யாராவது ஜூனியரிடம் தள்ளிவிடுவார்கள். ஒப்பீட்டில் பாதிப் பிரச்சினை மோசமான ஸ்லிப்பால்தான் வருகிறது. நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்ட வேண்டும். கட்டைவிரலை அந்த நபரின் உடம்பை நோக்கியும், மற்ற விரல்களை உடம்புக்கு வெளிப்புறமாகவும் உருட்டினால் கை இறுக்கத்திலிருந்து தளர்ச்சிக்கு வரும், இழுப்பு இருக்காது. "நீங்க கையை விடுங்க, நான் உருட்டிக்கிறேன்" என்று சொல்லுங்கள். உதவி செய்கிறேன் என்று அவரே அழுத்தினால் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிவிடும். சிமென்ட் வேலை செய்து தேய்ந்த விரலுக்கு மை குறைவாக, அழுத்தமும் குறைவாக. வியர்க்கும் கையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு விரல் துடைத்தவுடன் அதையே உருட்டிவிடுங்கள். கீழே நான்கு விரலையும் சேர்த்துப் பதிக்கும் கட்டம், மேலே ஏதாவது விரல் கட்டம் மாறிப் பதிந்திருக்கிறதா என்று சரிபார்க்க இருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் ஆளை அனுப்பாதீர்கள். முடிந்தால் உள்ளங்கையும் எடுங்கள். சம்பவ இடத்தில் உள்ளங்கைப் பதிவுகள் நிறையக் கிடைக்கும், ஒப்பிடத்தான் பதிவு இருக்காது.

அறியாத ரேகையோடு தனியாக

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன், நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இதுதான்.

சம்பவ இட ரேகையை எங்கள் பக்கம் சான்ஸ் பிரின்ட் என்போம். அதை லென்ஸுக்குக் கீழே வைத்ததும் புள்ளிகளை எண்ண ஆரம்பிக்காதீர்கள். இது எந்தப் பரப்பு, எந்த முறையில் எடுத்தது, விரல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு பாட்டிலைப் பிடித்தவன் விரல் வழுக்கியிருந்தால் கோடுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் கிடக்கும். இரண்டு முறை தொட்டிருந்தால் கோட்டின் மேல் கோடு குறுக்கே போகும், நடுவில் ஓட்டம் திடீரென உடைந்து வேறு கோணத்தில் தொடரும். பிளாஸ்டிக் பையின் மடிப்பு சில சமயம் அச்சு அசலாக ஒரு கோட்டின் முடிவு போலவே தெரியும். பசையிலோ ரத்தத்திலோ பதிந்ததில் மேடும் பள்ளமும் நிறம் மாறி, பள்ளமே கோடாகத் தெரிவதும் உண்டு. கோட்டின் நடுவில் வரிசையாக வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிய வேண்டிய வியர்வைத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று தேடினால் எது எது என்று பிடிபடும்.

அப்புறம் குறியிடுங்கள். நான் நிறங்களை வைத்துச் செய்கிறேன், பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிற முறைதான். நிச்சயமாக இருக்கிறது என்று தோன்றும் புள்ளிக்குப் பச்சை. இருக்கலாம், ஆனால் கோடு நிற்கிறதா கிளைக்கிறதா என்று உறுதியில்லாததற்கு மஞ்சள். மிகவும் சந்தேகமானதற்குச் சிவப்பு. நான்காவதாக ஆரஞ்சு இருக்கிறது. சந்தேக நபரின் ரேகையைப் பார்த்த பிறகு, "அட, இதிலும் அது இருக்கிறதே" என்று புதிதாகக் கண்ணில் படும் புள்ளிகளுக்கு அந்த நிறம். கவரைப் பிரிக்கும் வரை ஆரஞ்சு பேனாவின் மூடியைத் திறக்கவே கூடாது.

இத்தனை பிடிவாதம் ஏன் என்பதற்கு 2004 மே மாதம் நடந்ததைச் சொன்னால் போதும். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டரில் தேடியபோது 20 பேர் பட்டியல் வந்தது. அதில் நான்காவதாக இருந்தவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். அனுபவசாலியான நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக அது அவருடைய ரேகைதான் என்றார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் அதையே சொன்னார். ஸ்பெயின் போலீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் காவலில் இருந்த பிறகு, அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த இன்னொருவருடையது என்று ஸ்பெயின் சொன்னதும்தான் அவர் விடுதலையானார்.

பிறகு அமெரிக்க நீதித்துறையின் கண்காணிப்பு அலுவலகம் நடத்திய விசாரணையில் வெளிவந்ததை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இரண்டு ரேகைகளும் நிஜமாகவே மிகவும் ஒத்திருந்தன. தொடக்கத்தில் கிடைத்த சில புள்ளிகள் ஒத்துப்போனதும், மேஃபீல்டின் ரேகையில் தெரிந்ததை வைத்துக்கொண்டு சான்ஸ் பிரின்ட்டில் மங்கலாக இருந்ததை நிபுணர்கள் திருத்திப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேல் இடது பகுதி முழுவதும் ஒத்துப்போகவில்லை; அதை வேறொரு தொடுதல் என்று ஒதுக்கிவிட்டார்கள். யாரும் சோம்பேறித்தனமாக வேலை பார்க்கவில்லை. விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியைப் படித்தால் எவ்வளவு பெரிய கைக்கும் இதுதான் நடக்கும். ஒரு மனிதனுடைய இரண்டு வாரம் அதில் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. இட்டியல் ட்ரோரும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிபுணர்களிடம் அவர்களே முன்பு "ஒரே ஆள்" என்று சொன்ன ரேகை ஜோடிகளைத் திரும்பக் கொடுத்தார்கள். இவைதான் மேஃபீல்ட் வழக்கின் தவறான ரேகைகள் என்றும் காதில் போட்டுவைத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்து மாறினார்கள். ரேகை அதேதான், கூடவே கேட்ட கதைதான் வேறு.

அதனால் கதையைக் கேட்காதீர்கள். விசாரணை அதிகாரி போனில், "மேடம், ஆள் ஒத்துக்கிட்டான், நீங்க ஒரு பார்வை பாத்துச் சொன்னாப் போதும்" என்பார். அவர் மீது தப்பில்லை, அவருக்கு அவர் அவசரம். "சார், அதை முடிவு எழுதினப்புறம் சொல்லுங்க. இப்ப பொருள் எது, எங்க இருந்துச்சு, அது மட்டும் போதும்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை முகம் சுளிப்பார்கள். ஒருமுறை கோர்ட்டில் இந்தக் கவனத்தால் வழக்கு உறுதியாக நிலைத்ததைப் பார்த்துவிட்டால் அவர்களே கவனமாக இருப்பார்கள்.

ஒப்பிடுவது

கவரைப் பிரித்தாயிற்று. இரண்டு ரேகையும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கையிலும் ஊசிக் குச்சி. சான்ஸ் பிரின்ட்டில் பச்சைக் குறியிட்ட புள்ளிகளில் இரண்டு மூன்று நெருக்கமாக இருக்கும் கொத்தை எடுங்கள். அதன் அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டு ஸ்லிப்பில் தேடுங்கள். கிடைத்தால் அங்கிருந்து கோடு கோடாக நகருங்கள்: இங்கே மூன்று கோடு தள்ளி ஒரு முடிவு என்றால் அங்கேயும் மூன்று கோடு தள்ளி முடிவு இருக்க வேண்டும், அதே பக்கம் பார்த்து. எப்போதும் சான்ஸ் பிரின்ட்டிலிருந்து ஸ்லிப்புக்குப் போங்கள், எதிர்த்திசையில் போகாதீர்கள். ஒத்துப்போகாத ஒரு புள்ளி வந்தால் நில்லுங்கள். வழுக்கல், மடிப்பு என்று விளக்கம் தோன்றினால், அந்த வழுக்கலை நீங்கள் கவரைப் பிரிப்பதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்களா என்று குறிப்பைப் பாருங்கள். எழுதாத விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

எத்தனை புள்ளி ஒத்தால் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கிலாந்தில் வெகுகாலம் 16 என்று வைத்திருந்து 2001இல் கைவிட்டார்கள். 12 கேட்கும் நாடுகள் உண்டு, எண்ணே வைக்காத நாடுகளும் உண்டு. உங்கள் பிரிவின் விதி எதுவோ அதைப் பின்பற்றுங்கள். ஆனால் எண் நிறைந்துவிட்டது என்பதற்காக முடிவுக்குத் தாவாதீர்கள். எங்கும் காணப்படும் கோட்டு முடிவுகள் பன்னிரண்டைவிட, தெளிவான பகுதியில் அபூர்வமான அமைப்பில் இருக்கும் எட்டு அதிகம் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் தரும் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. லட்சக்கணக்கான ரேகைகளில் இருந்து மிகவும் ஒத்திருப்பதைத்தான் அது தேடிக் கொடுக்கிறது. அதாவது அச்சு அசல் போலத் தோன்றும் வேறொருவரின் ரேகையையும் கொடுக்கும். பட்டியலிலிருந்து வந்த ஆளுக்கு, போலீஸ் பிடித்துக் கொண்டுவந்த ஆளைவிடக் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். மதிப்பெண் முதலிடத்தில் இருப்பதை ஆதாரமாக எழுதவே கூடாது.

முடிவு மூன்றில் ஒன்று: இவருடையது, இவருடையது இல்லை, சொல்ல முடியாது. மூன்றாவதை எழுதத் தயங்காதீர்கள். ரேகை தராத பதிலை நீங்கள் தர முடியாது. "இல்லை" என்று எழுதும்போதும் அதே கவனம் வேண்டும். 169 நிபுணர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தவறாகப் பொருத்தியது 0.1 சதவீதம்தான், தவறாக விலக்கியது 7.5 சதவீதம். விலக்கும்போது யாருக்கும் பாதிப்பில்லை என்ற நினைப்பில் அவசரப்படுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சரியான ஆளை விலக்கிவிட்டால் விசாரணை வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டப் போகிறது.

சரிபார்க்கப் போகும் இரண்டாவது நிபுணரிடம் உங்கள் முடிவைச் சொல்லாதீர்கள், குறியிட்ட படத்தையும் கொடுக்காதீர்கள். குறியில்லாத பிரதி ஒன்று, ஸ்லிப் ஒன்று, தனித்தனிக் கவரில். முடிந்தால் "இல்லை", "சொல்ல முடியாது" என்றவற்றையும் சரிபார்க்கக் கொடுங்கள்.

கோர்ட்டில்

எளிய பேச்சில், மெதுவாக. "இது என் கருத்து, இந்தக் காரணங்களால்" என்று சொல்லுங்கள். நூறு சதவீதம், பிழைக்கே இடமில்லை போன்ற சொற்களை வாயில் எடுக்காதீர்கள். மேலே சொன்ன ஆய்வை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் படித்திருப்பார். ரேகை எப்போது பதிந்தது என்று கேட்பார்கள். ரேகையைப் பார்த்து அதன் வயதை நம்பகமாகச் சொல்ல முடியாது, அதை அப்படியே சொல்லுங்கள். அந்த நபர் அந்தப் பொருளைத் தொட்டிருக்கிறார் என்பது வரைதான் உங்கள் எல்லை. திருடினாரா என்று கேட்டால் அது எனக்குத் தெரியாது என்பதுதான் சரியான பதில்.

போகும்போது, கவரைப் பிரிப்பதற்கு முன் எழுதிய குறிப்பையும், குறியிட்ட படத்தையும், ஆரஞ்சு சேர்த்த பிறகான படத்தையும் தனித்தனியாக, தேதியும் கையெழுத்தும் தெரிய எடுத்துக்கொண்டு போங்கள். குறுக்கு விசாரணையில் "சந்தேக நபரின் ரேகையைப் பார்த்துவிட்டுத்தானே இந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டால், எவை முன்னால் கண்டவை, எவை பின்னால் கண்டவை என்று இரண்டு படத்தையும் நீதிபதியிடம் நீட்டலாம்.